இரண்டு வருடச் சேவைக்கு உகாண்டா போகும் நர்ஸ் எப்படித் தயாராக வேண்டும்?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 29, பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடம் பிரசவ வார்டில் வேலை. வடக்கு உகாண்டாவில் ஒரு சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் தன்னார்வலராக இருக்கத் தேர்வாகியிருக்கிறார். புறப்பட மூன்று மாதம் இருக்கிறது. என்ன எடுத்துப் போவது, என்ன ஊசி போடுவது, அப்பா அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது, அங்கே போய் என்ன கொடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

நானும் நர்சிங் படித்தவள்தான், ஊர் தர்மபுரி பக்கம். வடக்கு உகாண்டாவில் குலு நகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. என்னோடு வந்தவர்களில் சிலர் பாதியில் திரும்பினார்கள். ஊர் பிடிக்காமலோ, கொசுவுக்கும் கரண்ட் கட்டுக்கும் பயந்தோ அவர்கள் திரும்பவில்லை. எல்லாருமே வீட்டில் ஏதோ ஒன்று முடியாமல் கிடந்ததால் திரும்பினார்கள். ஒருவருக்கு அடைக்காத கடன், இன்னொருவருக்கு பேசி முடிக்காத கல்யாணப் பேச்சு, வேறொருவருக்கு அப்பாவின் ஆபரேஷன். ஆகவே பெட்டி கட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு வீட்டு வேலையை முதலில் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒப்பந்தத்தை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். பிரிட்டனின் வி.எஸ்.ஓ. என்ற தொண்டு அமைப்பு 1958 முதலும், ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970 முதலும் தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகின்றன. இப்படிப்பட்ட அமைப்புகளில் தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது; ஆனால் விமானச் செலவு, தங்க இடம் அல்லது வாடகை, அந்த ஊரில் வாழப் போதுமான மாதப்படி, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. உங்களிடமே 'பதிவுக் கட்டணம்', 'பிராசஸிங் கட்டணம்' என்று ஒரு தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காப்பீட்டில் பார்க்க வேண்டிய ஒரே ஒரு வரி, அவசரத்தில் விமானத்தில் வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா என்பது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரிய ஆபத்து என்றால் பெரும்பாலும் நைரோபிக்குத்தான் கொண்டுபோவார்கள். அந்த வரி இல்லாத காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். அப்புறம், 'இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நர்ஸ் வேலை பார்க்க அங்கே குடியேற்றத் துறையின் அனுமதியும் வேண்டும், உகாண்டா நர்ஸ்கள் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பதிவும் வேண்டும். அதற்கு நம் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்று, அதாவது எல்லாரும் சொல்லும் 'குட் ஸ்டாண்டிங்', கேட்பார்கள். இது ஒரு வாரத்தில் கைக்கு வரும் காகிதம் இல்லை. சான்றிதழ் அட்டெஸ்டேஷனும் அப்படித்தான். போலீஸ் கிளியரன்ஸை பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக வாங்கலாம். ரொம்ப முன்னாலேயே வாங்கிவிட்டால் பழையதாகிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட் இன்னும் மூன்று வருடமாவது செல்லுமா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

இனி வீடு. பணத்தில் ஆரம்பிக்கிறேன். மாதப்படி உங்களுக்குச் சாப்பிடப் போதும். ஊருக்கு அனுப்பப் போதாது. அப்பா அம்மா உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிறார்கள் என்றால் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'வெளிநாடு போகிறாள்' என்ற ஒரு சொல்லே நம் ஊரில் வேறு கணக்கைக் கிளப்பிவிடும். சித்தப்பா கடன் கேட்பார், தம்பி பைக் கேட்பான். கல்விக் கடனோ நகைக் கடனோ இருந்தால் இரண்டு வருடத் தவணையை எங்கிருந்து கட்டப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்கு இடித்தால் ஆறு மாதம் தள்ளிப் போவதில் ஒரு தவறும் இல்லை. அமைப்புகள் இதைப் புரிந்துகொள்ளும்.

வங்கியில் சொல்லி சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்கப் போகிறவர்களுக்கு அதுதான் முறை. அதைவிட அவசரமானது உங்கள் போன் நம்பர். வங்கி, ஆதார், எல்.ஐ.சி., பி.எஃப். எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ரோமிங்கை இங்கேயே திறந்து வைத்து, மாதா மாதம் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வீடு, நிலம் சம்பந்தமாக உங்கள் கையெழுத்து தேவைப்படும் என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொதுப் பவராக யாருக்கும் எழுத வேண்டாம், சொந்த அண்ணனாக இருந்தாலும்.

அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைப்பது பற்றிக் கேட்டீர்கள். ஆப்பிரிக்கா என்றதும் அவர்கள் மனதில் வருவது செய்தியில் பார்த்த பஞ்சமும் துப்பாக்கியும்தான். வாயால் சொல்லி அது மாறாது. நான் செய்தது இது. அங்கே என் மேற்பார்வையாளராக இருக்கப் போகும் பெண்மணியை வீடியோ காலில் வரச் சொன்னேன். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தன் சமையலறையைக் காட்டினார். அம்மா பின்னால் அடுப்பில் இருந்த பானையைப் பார்த்துவிட்டு, 'அவங்க வீட்டிலயும் களி கிண்டுறாங்களா?' என்று கேட்டார். ஆமாம், அது கேழ்வரகுக் களியேதான். அதற்குப் பிறகு அம்மா என்னைத் தடுக்கவில்லை. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நம் ஊர் இரவு எட்டரை மணி அங்கே மாலை ஆறு. அழைக்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் 'தினமும் பேசுகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிக்னல் இல்லாத ஒரு நாளில் வீட்டில் எல்லாரும் பதறிப்போவார்கள். வாரம் இரண்டு நாள் என்று சொல்லுங்கள்.

ஒரு பேச்சு மட்டும் பேசியே ஆக வேண்டும், அதைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுகிறார்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வது? உங்கள் நிலையத்திலிருந்து என்டெபே விமான நிலையத்துக்குச் சாலையில் ஒரு முழுப் பகல். அங்கிருந்து எங்காவது மாறிச் சென்னை. டிக்கெட் உடனே கிடைத்தால்கூட இரண்டு நாள் ஆகிவிடும். நம் ஊரில் அதுவரை எடுக்காமல் வைத்திருக்க முடியாது. என் அப்பாயிக்கு அப்போது 84 வயது. போவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'நான் வர்றதுக்குள்ள உனக்கு ஏதாவது ஆயிட்டா என்னால வர முடியாது, அப்பாயி' என்று சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'போற எடத்துல நாலு புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்' என்றார். பதினான்காவது மாதத்தில் போனார். நான் போகவில்லை. அன்று ராத்திரி டியூட்டி எனக்கு, மூன்று பிரசவம். சொல்லிவிட்டுப் போயிருந்ததால்தான் என்னால் அங்கே நின்று வேலை பார்க்க முடிந்தது. பெற்றோர் என்றால் பெரும்பாலான அமைப்புகள் லீவும் டிக்கெட்டும் தரும், தாத்தா பாட்டிக்குத் தராது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

ஊசிகளில் கட்டாயமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழையவும் வேண்டும், இந்தியா திரும்பி வரவும் வேண்டும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் செல்லும். முட்டை அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வடக்கு உகாண்டா மூளைக்காய்ச்சல் பரவும் வட்டாரத்தில் வருவதால் மெனிஞ்சைட்டிஸ் ஊசியும், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்காது என்பதால் நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி நர்சிங் படிக்கும்போதே போட்டிருப்பீர்கள். எதிர்ப்புச் சக்தி இன்னும் இருக்கிறதா என்று ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மலேரியாவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் பக்கம் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் வகை. அங்கே இருப்பது அதைவிட ஆபத்தான பால்சிபாரம் வகை. காலையில் தலைவலி என்றவரை மறுநாள் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். தடுப்பு மாத்திரை எது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், இதைப் பலர் மறக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டாலும் வலைக்குள்தான் தூங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாத்திரை உங்கள் நிலையத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதைப் போன முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று போடா போடா, அதாவது வாடகை பைக். தெருவெல்லாம் அதுதான் ஓடும். உங்கள் அமைப்பு ஏறக் கூடாது என்றால் ஏறாதீர்கள். ஏறலாம் என்றால் ஹெல்மெட்டை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம். காட்டு மிருகத்துக்குப் பயப்படுகிறவர்கள் சாலைக்குப் பயப்படுவதில்லை, அங்கே அடிபட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. துணி, சோப்பு, வாளி எல்லாம் குலு சந்தையில் கிடைக்கும். பிரஷர் குக்கர் ஒன்று, கூடவே இரண்டு கேஸ்கட். அங்கே பிளக் பெரிய சதுர மூன்று முள், நம்முடையது அதில் நுழையாது. நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்துப் போய், அதன் பிளக்கை மட்டும் அங்கே மாற்றிக்கொண்டால் எல்லாச் சார்ஜரும் ஓடும். தலையில் மாட்டும் டார்ச் இரண்டு. டாலர் நோட்டுக் கொண்டுபோனால் புதிதாக, மடிப்புக் கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழைய வருட நோட்டை வாங்க மாட்டார்கள். நகை வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். அந்த வட்டாரத்து அச்சோலி மக்கள் குவோன் என்று கேழ்வரகிலும் சோளத்திலும் கிண்டுவது நம் களிதான். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து நம்மிடம் வந்த பயிர். அதற்குத் தொட்டுக்கொள்ள மலக்வாங் என்று ஒரு புளிப்புக் கீரையை வேர்க்கடலை விழுதில் கடைவார்கள். நம் புளிச்சக்கீரைக்கு அது சொந்தம், வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். லப்பேனா என்று சந்தையில் குவித்து வைத்திருப்பது முழுத் துவரை. புளியமரம் வழியெல்லாம் நிற்கும். துவரை இருக்கிறது, புளி இருக்கிறது, தக்காளி வெங்காயம் இருக்கிறது. சாம்பாருக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது பெருங்காயமும் கடுகும் மிளகாய்த்தூளும்தான். கரி அடுப்பை அங்கே சிகிரி என்பார்கள், நம் நாட்டுச் சொல் போய்த் தங்கியது. சப்பாத்தியும் அப்படியே.

இந்தியர் என்பதால் சில விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே இந்தியர் என்றால் கடைக்காரர். 1972 ஆகஸ்டில் அன்றைய அதிபர் இடி அமின் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். பிற்பாடு பலர் திரும்பி வந்து கடைகளும் ஆலைகளும் நடத்துகிறார்கள். உங்களையும் முதலில் ஒரு முதலாளி வீட்டுப் பெண்ணாகத்தான் பார்ப்பார்கள். பிரசவ வார்டில் ரத்தத்தைத் துடைக்கும் இந்தியப் பெண்ணை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், நம்மவர்களில் சிலரே உங்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, 'அவங்களோட ரொம்பப் பழகாதீங்க' என்று சொல்வார்கள். சோற்றுக்கு நன்றி சொல்லுங்கள், அந்தப் புத்திமதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போவதே அவர்களோடு பழகத்தான்.

அந்த மண்ணின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1980களின் கடைசியிலிருந்து 2006 வரை வடக்கு உகாண்டாவில் எல்.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் கிளர்ச்சி நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டு முகாம்களில் இருந்தார்கள். கிளர்ச்சிக்காரர்கள் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போனார்கள் என்பதால் சாயங்காலமானால் கிராமத்துக் குழந்தைகள் நடந்து வந்து நகரத்தில் தூங்குவார்கள். இன்றைக்கு உங்களோடு வேலை செய்யப் போகிற நர்ஸ் அந்தக் குழந்தைகளில் ஒருத்தியாக இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். 2000-இல் குலுவில் எபோலா வந்தபோது லாச்சோர் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் மேத்யூ லுக்வியா வார்டை விட்டு நகராமல் நின்று, கடைசியில் அதே நோயில் டிசம்பர் 5 அன்று உயிர் விட்டார். அவரோடு நின்ற நர்ஸ்களில் பலரும் இறந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் வேலை செய்த ஊருக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் போன புதிதில் பிரசவ வார்டில் பார்டோகிராஃப், அதாவது பிரசவம் முன்னேறுவதைக் குறித்து வைக்கும் கட்டத் தாள், ஒன்றைக்கூடக் காணவில்லை. வலி வந்த நேரம், குழந்தையின் இதயத் துடிப்பு, கருப்பை வாய் திறப்பு எதுவும் பதிவில் இல்லை. இவர்களுக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்து ஒரு பயிற்சி வகுப்பே தயார் செய்தேன். என்னோடு இருந்த மூத்த மருத்துவச்சி வகுப்பு முழுக்க அமைதியாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி, மேசை டிராயரை இழுத்து ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். பழைய காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஸ்கேல் வைத்துப் பேனாவால் கோடு போட்டு, கட்டம் கட்டமாக வரைந்த பார்டோகிராஃப். எச்சரிக்கைக் கோடு, செயல் கோடு எல்லாம் சரியாக இருந்தது. அச்சடித்த தாள் தீர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சிக்கலான கேஸுக்கு மட்டும் கையால் வரைந்திருக்கிறார். ராத்திரி ஒரே ஆளாக மூன்று பிரசவம் பார்க்கும்போது எல்லாருக்கும் வரைய முடியாது. குறை தாளில்தான் இருந்தது, அவர் படிப்பில் இல்லை. அதற்குப் பிறகு மாவட்ட அலுவலகத்தில் தாளுக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று இரண்டு பேருமாக அலைந்தோம். அந்த இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று.

ஆகவே முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள். அவர்கள் செய்வதைக் கூட நின்று செய்யுங்கள். ஒரு பழக்கம் தவறாகப் பட்டால், 'ஏன் இப்படி' என்று தனியாகக் கேளுங்கள், நோயாளி முன்னால் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே கை வையுங்கள். நீங்கள் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவீர்கள், அந்த வார்டு அவர்களுடையது.

அச்சோலி மொழியை இங்கிருந்தே ஆரம்பிக்கலாம். 'அப்வோயோ' என்பது வணக்கமும்தான், நன்றியும்தான். 'இத்யே நினிங்' என்றால் எப்படி இருக்கிறீர்கள், 'அத்யே மபேர்' என்றால் நன்றாக இருக்கிறேன். வணக்கம் சொல்லி வீட்டாரை விசாரிக்காமல் 'அந்த கிளவுஸை எடுங்கள்' என்று ஆரம்பித்தால் அங்கே அது மரியாதைக் குறைவு. நம் கிராமத்திலும் அப்படித்தானே. பெயர்களைக் கவனியுங்கள். இரட்டையரில் முதலில் பிறந்த பெண் அப்பியோ, அடுத்தவள் அச்சென். இரட்டைக்குப் பின் பிறந்த பெண் அக்கெல்லோ. கர்ப்பிணி வந்து பெயர் அக்கெல்லோ என்று சொன்னால், அவள் அம்மாவுக்கு இரட்டைப் பிரசவம் ஆகியிருக்கிறது என்று அட்டையில் எழுதுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது இன்னும் கவனமாகப் பார்ப்பீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. 'குட் ஸ்டாண்டிங்' சான்றுக்குத் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் விண்ணப்பம் போடுங்கள், கிண்டியில் ஊசிக்கு நாள் கேளுங்கள். இரண்டு வருடம் முடிந்து திரும்பிய பிறகு, ஒரு வருடம் வரைக்கும் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக 'நான் உகாண்டாவில் இருந்தேன்' என்று சொல்லுங்கள்.

என்ன கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். சாக்லேட், பேனா, பழைய துணி எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டாரின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நான்கைந்து எடுத்துப் போங்கள். போனில் காட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. போன முதல் வாரத்திலேயே உன் அம்மா யார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பாட்டி இருக்கிறாரா என்று கேட்பார்கள். என் அப்பாயி எங்கள் வீட்டுத் திண்ணையில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை அந்த மூத்த மருத்துவச்சியிடம் கொடுத்திருந்தேன். அப்பாயி இறந்த மறுநாள் காலை டியூட்டி முடிந்து வெளியே வந்தபோது, அவர் அந்தப் படத்தை நர்ஸ்கள் உட்காரும் மேசையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். வார்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள்.